இறக்கம் காணாத பிரேக்

வண்டி ஓடமாட்டேன் என்கிறது என்று தள்ளிக்கொண்டு வருகிறவனைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம். ஓடாத வண்டி யாரையும் கொன்றதில்லை. "ஓட்டத்தில ஒரு குறையும் இல்ல, நிப்பாட்டத்தான் கொஞ்சம் முன்னுக்கே யோசிக்கணும்" என்று சிரித்துக்கொண்டு வருகிறவன் இருக்கிறானே, அவனைக் கண்டு பயப்படுங்கள். அவன் சிரிக்கும்போது நீங்களும் சேர்ந்து சிரித்தால் பாதிப் பிழை உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

செங்கலடியில், பதுளை வீதியோரம், முப்பத்தைந்து வருடம் கராஜிலே கிடந்தவன் நான். வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. ஓய்வு என்ற ஒன்றுதான் இன்னும் வந்தபாடில்லை. பஸ்ஸில் ஏறினால் என் வலது கால் சும்மா இருக்காது. முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தால் டிரைவருக்கு முன்பே நான் தரையை மிதித்துவிடுவேன். இந்த பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர், ஒருவருக்குத்தான் சம்பளம் என்று என் மனைவி பக்கத்திலிருப்பவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் இருந்தாலும் அதே கதைதான். வாசலால் ஒரு பிக்கப் போனால், அது பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டு முடியும்வரை வாயில் வைத்த சோறு இறங்காது.

பயிற்சி முடித்துக் கராஜுகளுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பிரேக் கட்டை மாற்றுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் போன் என்னைவிட நன்றாகக் காட்டும். கைக்கு வேலை தெரிந்திருந்தும் மனம் பின்வாங்குகிற நேரம் ஒன்று வரும். அதைப்பற்றித்தான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சிரிப்புக் கதை சொல்லிவிடுகிறேன். பிறகு சிரிக்க இடம் கிடைக்காது.

களுதாவளையில் ஒரு உறவு வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு மரக்கறி வியாபாரி தன் பழைய பிக்கப்பை மறுநாள் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விக்க ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். வாகனத்துக்குப் பூசை என்றால் முதலில் அதைக் குளிப்பாட்ட வேண்டுமே. எங்கள் பக்கத்தில் அதற்கு எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வண்டியை வாவிக்குள் இறக்கினார். வாவி என்று எழுதுகிறேனே தவிர எங்கள் வாயில் அது ஆறுதான். அரைச் சில்லு முழுகும் தண்ணீரில் நிறுத்தி, வைக்கோல் போட்டுத் தேய்த்து, மினுங்க மினுங்கக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு நிறுத்தினார்.

விடிய மாலை போட்டாயிற்று, சந்தனம் வைத்தாயிற்று, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. ஐயர் மணியடித்தார். வண்டி அசையவில்லை. பத்துப்பேர் சேர்ந்து தள்ளினார்கள். பின்சில்லு சுற்றாமல் அப்படியே இழுபட, தேசிக்காய் நசியாமல் முழுசாக உருண்டோடியது. தேசிக்காய் நசியாவிட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற பெண்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். யாருடைய கண் பட்டது என்பதுவரை பேச்சுப் போய்விட்டது. நான் படுத்து உள்ளே போய் டிரம்மில் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினேன். கடல் கலந்த அந்த உப்புத் தண்ணீரில் ஒரே நாளில் கறள் என்கிற துரு பிடித்து ஒட்டியிருந்தது விடுபட்டது. கண்ணூறும் இல்லை, சாமி கோபமும் இல்லை, ஆற்றுத் தண்ணீர்தான் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்தக் கதையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. உப்பின் குணம் தெரியாத சனம் என்று ஊரையே கேலி பண்ணியிருக்கிறேன். ஆனால் உப்புத் தண்ணீரை வைத்து நான் செய்த வேலைக்கு முன்னால் அந்த வியாபாரி செய்தது ஒன்றுமே இல்லை. அந்தக் கதையை இதுவரை யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை.

ஓட்டமாவடியில் ரசாக் காக்கா என்று ஒருவர். எங்கள் பக்கத்து முஸ்லிம் சனத்தில் அண்ணனுக்குக் காக்கா, அக்காவுக்கு ராத்தா. வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பதுளை வீதியால் மலைநாட்டுக்குக் கொண்டுபோய் விற்பவர். வாரத்தில் மூன்று நாள் அவருடைய பிக்கப் எங்கள் கராஜைத் தாண்டிப் போகும். அது முப்பது வயது தாண்டிய வண்டி. அதில் தொழிற்சாலை போட்ட இரும்பைவிட நான் ஒட்டுப்போட்ட இரும்புதான் அதிகம் என்று அவரே சொல்லுவார். நல்ல மனிதர். பேரம் பேசமாட்டார், அவசரம் மட்டும் பேசுவார்.

ஒருமுறை அவர் ஒரு குறை கொண்டுவந்தார். ஐஸ் உருகிய தண்ணீர் பின்பெட்டிக்குள் தேங்கி நிற்கிறது, ஏற்றத்தில் போகும்போது பின்கதவால் வழிந்து பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரனின் முகத்தில் அடிக்கிறது, மலையில் எல்லாரும் ஏசுகிறார்கள் என்றார். நான் பெரிய மூளைக்காரன் மாதிரி டிரில்லை எடுத்துப் பெட்டியின் தரையில் பின்பக்கம் இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று இரண்டு ஓட்டை போட்டேன். தண்ணீர் நேரே கீழே வடிந்தது. காக்காவுக்குச் சந்தோசம். பார்த்தவர்கள் தங்கள் வண்டிகளையும் கொண்டுவந்தார்கள். அந்தத் துறைமுகத்து மீன் வண்டிகளில் பாதிக்கு என் கை ஓட்டைதான்.

ஓட்டையை மேலிருந்து போட்டேன். கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. கீழே இருந்தது பின்சில்லுகளுக்குப் போகும் பிரேக் பைப், பென்சிலைவிட மெல்லிய இரும்புக் குழாய், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மீன் கழுவிய உப்பும் ஐஸும் கலந்த தண்ணீர் ஆறு வருடம் சொட்டுச் சொட்டாக அந்த இரண்டின் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

ஆறாம் வருடம் ஒரு காலை, துறைமுகத்திலிருந்து மீனோடு வந்த காக்கா செங்கலடிச் சந்தியில் பிரேக்கை மிதிக்க, பெடல் தரைவரை போய்விட்டது. பின்பைப் போனாலும் முன்பிரேக் இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது, பெயருக்கு. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கடைசியில் ஒரு மரக்கறிக் கடையின் பூசணிக்காய்க் குவியலில் மோதி நின்றார். பூசணிக்காய்களைத் தவிர யாருக்கும் காயமில்லை. மீனை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டுப் பிக்கப்பை என்னிடம் கட்டி இழுத்து வந்தார்கள். ஐஸ் பெட்டிகள் அரைவாசி நிறைந்தபடி பின்னால் கிடந்தன.

இடது பைப் வெடித்திருந்தது. அதை மாற்ற என்னிடம் பைப் இருந்தது, ஒரு பக்கத்துக்குப் போதுமான அளவு. வலது பைப்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். தோல் முழுக்கக் கொப்புளம் போட்டிருந்தது. அதையும் மாற்றத்தான் வேண்டும். அதற்கு மட்டக்களப்பு டவுனுக்கு ஆள் அனுப்ப வேண்டும், அன்று கடை பூட்டு, மறுநாள் மத்தியானம் ஆகிவிடும்.

காக்கா பக்கத்திலேயே நின்றார். மறுநாள் விடிய அவர் கட்டாயம் போக வேண்டும். மீன் ஒரு பக்கம் இருக்கட்டும். அவருடைய மனைவி ஹப்சா ராத்தாவின் தங்கை மலையில் கலியாணம் முடித்திருக்கிறாள். பத்து வருடத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு பிள்ளை கிடைத்து, மறுநாள் ஏழாம் நாள். தலைமுடி இறக்கிப் பெயர் வைக்கிறார்கள். ராத்தாவும் கூட வருகிறாராம். பிள்ளைக்கு உடுப்பெல்லாம் தைத்து வைத்துவிட்டாராம்.

"என்ன மாதிரி தம்பி, நாளைக்குப் போகலாமா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: மற்றப் பக்கமும் போகப்போகிறது, பஸ்ஸில் போங்கள். இதைச் சொல்ல எத்தனை செக்கன் ஆகும்? ஆனால் என் வாய் வேறு கணக்குப் போட்டது. வலது பைப் இவ்வளவு நாள் தாங்கியது இன்னும் ஒரு நடை தாங்காதா, வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம், சந்தோசமாகப் போகிற சனத்தை ஏன் குழப்புவான். இப்படி நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்து வந்தாறுமூலைப் பக்கம் ஒரு ஓட்டம் விட்டு வந்தேன். நான்கு இடத்தில் பிரேக் அடித்துப் பார்த்தேன், முளை அடித்த மாதிரி நின்றது. போகலாம் காக்கா என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, மிச்சமெல்லாம் வட்டை, வயல்வெளி. வயலில் தண்ணீர் நிற்கிற மாதிரி வீதியும் மட்டமாகக் கிடக்கிறது. இங்கே பிரேக் என்பது மாட்டுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மட்டும் மிதிக்கிற ஒன்று. பாதி செத்த பிரேக்கோடு ஒருவன் பத்து வருடம் ஓடலாம், தெரியவே வராது. முப்பது வருடம் பிரேக் வேலை செய்த நான் ஒரு இறக்கத்தில்கூட என் வேலையைச் சோதித்ததில்லை. அது ஒரு குறை என்று எனக்கு யாரும் சொன்னதும் இல்லை, எனக்குத் தோன்றியதும் இல்லை.

மறுநாள் விடியற்கால சுபஹு தொழுகை முடிந்த கையோடு காக்கா வேறு வண்டியில் மீனோடு வந்து, அதைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். ராத்தா முன்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பெரிய துணிப்பொட்டலம். எனக்குக் கைகாட்டினார்.

பத்து மணிபோல கராஜ் தரையைக் கூட்டினேன். பிக்கப் நின்ற இடத்தில் சீமெந்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு. இரண்டும் உள்ளங்கை அகலம். குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. ஐஸ் பெட்டி வடிந்த தண்ணீர் நான் போட்ட இரண்டு ஓட்டையாலும் ஒழுகிக் காய்ந்திருக்கிறது. இடது பொட்டுக்கு நேர் மேலேதான் பைப் வெடித்த இடம். வலது பொட்டும் அதே அளவு, அதே தூரம். இரண்டு பைப்புக்கும் ஒரே வயது, ஒரே தண்ணீர், ஒரே ஓட்டைக்காரன். ஒன்று நேற்றுப் போய்விட்டது. மற்றது இன்று போகாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. அதோடு, மீனை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக அவர்கள் மலையிலிருந்து இறங்கப்போகிறார்கள். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துத்தான் இறங்க வேண்டும்.

விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினேன். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்பார்களே, அது அன்றுதான் விளங்கியது.

பிறகு காக்காவின் போனுக்கு அடித்தேன். எடுத்தது அவருடைய மகன். வாப்பா போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றான். பெயர் வைக்கிற வீட்டிலிருக்கும் தன் சின்னம்மாவின் நம்பர் கொடுத்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது. பெயர் வைக்கிற வீட்டில் யாருக்குப் போன் சத்தம் கேட்கும்? அடித்துக்கொண்டே இரு, வாப்பா அங்கிருந்து வெளிக்கிட வேண்டாம் என்று சொல், நான் வருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு, பைப்பை வளைக்கிற சாமான்களை ஒரு உரப்பையில் போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

கரடியனாறு, புல்லுமலை எல்லாம் எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. வெயில் தலையைப் பிளந்தது. ஒரு இடத்தில் மாட்டுப்பட்டி வீதியை நிறைத்துக்கொண்டு நின்றது. நான் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை, மாடுகளும் அசையவில்லை. மேய்க்கிறவரிடம் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் பாவம், என்ன பிழை செய்தார். எதிரே வந்த ஒவ்வொரு பிக்கப்பையும் உற்றுப் பார்த்தேன், அது இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியா பயமா என்று எனக்கே விளங்கவில்லை. அவர்கள் இறங்கத் தொடங்கியிருக்கக் கூடாது, அதை மட்டும்தான் கேட்டேன். பிள்ளையாரையும் கேட்டேன், காக்காவுடைய அல்லாஹ்வையும் கேட்டேன்.

மலை தொடங்கியதும் என் மோட்டார் சைக்கிளே திணறியது. அந்த வீதியால் நான் முன்பு போனதெல்லாம் பஸ்ஸில், அதுவும் நித்திரையில். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. நான்கைந்து ஆள் உயரத்துக்குக் கீழே தேயிலை தெரிந்தது. இப்படியான வளைவுகளுக்குத்தான் நான் வந்தாறுமூலை வீதியில் சோதித்த பிரேக்கைக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

சின்னம்மாவின் ஊருக்கு இன்னும் மூன்று நான்கு கட்டை தூரம் இருக்கும்போது, வீதியோரத்தில் ஒரு தகரக் கொட்டிலுக்கு முன்னால் அந்தப் பிக்கப் நின்றது. முகம் கீழ்நோக்கி. அவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டிருந்தார்கள். பின்பக்க வலது சில்லு கழற்றிக் கிடந்தது. ராத்தா ஒரு மர வாங்கில் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். காக்கா கவிழ்த்த மீன்பெட்டியில் உட்கார்ந்து, எதிரே குந்தியிருந்த ஒரு மனிதரைச் சுட்டெரிக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும் அந்த மனிதருக்கு. சிங்களவர். பஞ்சர் போடுகிற சின்னக் கராஜ் அது.

என்னைக் கண்டதும் காக்கா எழும்பி ஓடிவந்தார். நான் ஏன் வந்தேன் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அல்லாஹ்தான் உன்ன அனுப்பினான் மனே. பஞ்சர் போட நிப்பாட்டினா, இந்த மனிசன் சில்லக் கழட்டிப் பாத்துட்டு, போக ஒண்ணா எண்டு சாவியப் புடுங்கிச் சட்டைப்பைக்குள்ள போட்டுட்டான். அரை மணித்தியாலமா கேக்கிறன், தாறான் இல்ல. நேத்துத்தான் நீ பிரேக் செஞ்ச எண்டு நீயே சொல்லு இவனுக்கு."

பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். ஓம், நேற்றுத்தான் செய்தேன் என்று நான் சொல்லியிருந்தால் அது பொய்யே இல்லை. சாவியை வாங்கி, மெதுவாகப் போங்கள் காக்கா, நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கீழே போய் வேறு ஏதாவது சாட்டுச் சொல்லி மாற்றிக் கொடுத்திருக்கலாம். என் பெயர் கெடாது. ஆறு வருடமாகக் கிடைத்த மரியாதை அப்படியே இருக்கும். இவ்வளவு தூரம் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அதே ஆள்தான், வாசலில் நின்று இதையும் நினைத்துப் பார்த்தேன். வெட்கம் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சிங்களவர் எழும்பவில்லை. சட்டைப்பையில் கையை வைத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, சாவி அவர்ட்டயே இருக்கட்டும்" என்றேன். "நான் ஒரு பக்கம்தான் மாத்தினன். மத்தப் பக்கம் பழுது எண்டு தெரியும். தெரிஞ்சுதான் உங்கள விட்டன்."

காக்கா ஏசுவார், கையை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி ராத்தாவைப் பார்த்தார், பிறகு வீதியின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார், பிறகு போய் அதே மீன்பெட்டியில் உட்கார்ந்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த மனிதர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். வலது பைப்பில், என் ஓட்டைக்கு நேர் கீழே, ஒரு கொப்புளம் வேர்த்திருந்தது. பிரேக் ஒயில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் போய் பெடலை மிதிக்கச் சொன்னார். ஒன்று, இரண்டு. மூன்றாவது மிதியில் என் கால் தரைக்குப் போய்விட்டது. கீழே ஒயில் பீச்சியடித்த சத்தம் கேட்டது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, எந்த ஊர் என்று கேட்டார். மட்டக்களப்பு என்றேன். தலையை ஆட்டினார்.

"உங்க ஊர் ரோட் சமன்" என்றார், எனக்காகத் தேடித் தேடி எடுத்த தமிழில். "அங்க பாத்தா எல்லா பிரேக்கும் நல்லம்."

அவரிடம் ஒரு முழுச் சுருள் பைப் இருந்தது. இரண்டு பேருமாக முன்னாலிருந்து பின்வரை எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். அவருக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த சிங்களமும் சேர்த்தால் ஒரு வசனம் வராது. ஆனால் வேலை நடந்தது. இடையில் அவருடைய மனைவி ராத்தாவை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்த் தேத்தண்ணி கொடுத்தார். வெயில் தாழும்போது வேலை முடிந்தது. நான்கு பேர் சேர்ந்து என் மோட்டார் சைக்கிளைப் பிக்கப்பின் பின்னால் ஏற்றி, மீன் கயிற்றால் கட்டினார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். காக்கா கையை நீட்டினார். அந்த மனிதர் அவரைத் தாண்டி வந்து என் கையில் வைத்தார்.

"நீங்க செஞ்சது. முதல் இறக்கம் நீங்க ஓட்டணும்" என்றார். அது அவருடைய கராஜில் சட்டமாம். பிரேக் செய்தவன்தான் முதல் இறக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. வெட்கத்தில் எல்லாமே மறந்துபோயிற்று. எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர்கள் பலர், என்றாலும் யாராவது உன் குரு யார் என்று கேட்டால் எனக்கு அந்தச் சட்டைப்பைதான் ஞாபகம் வருகிறது.

இறங்கினோம். நான் ஸ்டியரிங்கில், காக்கா நடுவில் முழங்கால் கியரில் இடிக்க, ராத்தா யன்னலோரம். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது, இருந்தும் நம்ப முடியவில்லை. ஐந்தாறு வளைவு தாண்டியபிறகு ராத்தா, புருசனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெல்லக் கேட்டார்.

"தம்பி, இண்டைக்கே போகும் எண்டு ஒங்களுக்கு எப்ப தெரிய வந்த?"

"கண்ட உடன வெளிக்கிட்டன் ராத்தா" என்றேன்.

"அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல மனச தந்திருக்கான்" என்றார்.

அதன்பிறகு நான் செய்த முதல் வேலை, துறைமுகத்து மீன் வண்டிகளைத் தேடித் தேடிப் போய் என் ஓட்டைகளை அடைத்தது. தண்ணீர் பின்னால் தூரப்போய் விழுகிற மாதிரிக் குழாய் வைத்துக் கொடுத்தேன். சிலர் ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். சிலர் அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை. அது அவர்கள் நியாயம். காக்கா வந்தார். ஒரு மாதம் வரவில்லை, பிறகு வந்தார். வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி அவசரம் பேசினார்.

மற்றது, இறக்கம். மட்டக்களப்பில் இறக்கத்துக்கு எங்கே போவது? குளத்தின் மண்ணணையை, குளக்கட்டைக் கண்டுபிடித்தேன். பிரேக் வேலை செய்த எந்த வண்டியையும் குளக்கட்டில் ஏற்றி, நான் ஓட்ட, வண்டிச் சொந்தக்காரரைப் பக்கத்தில் இருத்தி, மேலிருந்து கீழே விட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். ஊரில் சிரித்தார்கள், பிரேக் பார்க்கச் சொன்னால் இவன் குளம் பார்க்கப் போகிறான் என்று. ஒருமுறை ஒரு பொடியன், புதிதாக ஒரு பழைய பிக்கப் வாங்கியவன், அடியெல்லாம் கறுப்புப் பெயின்ட் பளபளக்கக் கொண்டுவந்தான். கட்டுக்குப் போவோம், ஏறு என்றேன். "நீங்க போய்ட்டு வாங்கண்ணே, நான் இஞ்ச நிக்கிறன்" என்றான். சொந்தக்காரனே ஏறப் பயப்படுகிற வண்டியில் பார்க்க இனி என்ன இருக்கிறது? சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்தக் கறுப்பைச் சுரண்டினால் சேசிஸுக்குள் ஸ்க்ரூ டிரைவர் முழுசாக இறங்கியது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான், பிறகு கிறுகி வந்து, செய்து தாங்க என்றான்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். சாவியை வாங்கிப் பைக்குள் போடப் பழகுங்கள். ஏசுவார்கள், ஏசட்டும்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் ஓட்டமாவடியில் ஒரு கலியாண வீட்டில் ராத்தாவைக் கண்டேன். அன்று பெயர் வைத்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அதைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தி, இந்த மாமாதான் பெரியம்மாவையும் பெரியப்பாவையும் காப்பாத்த மலைவரைக்கும் ஓடிவந்தவர் என்று சொன்னார். பிள்ளை என் கையைப் பிடித்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது ஒரு பஞ்சர். அந்தச் சில்லில் ஆணி ஏறாமல் இருந்திருந்தால் நான் போய்ச் சேருமுன்னே அவர்கள் அடுத்த வளைவில் இருந்திருப்பார்கள். ஒரு மணித்தியாலம் முந்திப் போயிருந்தால், சின்னம்மா வீட்டு வாசலிலேயே பிடித்திருப்பேன்.

மேலே ஒரு இடத்தில், விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினேன் என்று எழுதிவிட்டு, பிறகு காக்காவுக்குப் போன் அடித்தேன் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பிறகு என்ற சொல்லுக்குள் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. ரசாக் காக்கா இதை வாசிப்பார், ராத்தாவுக்கும் வாசித்துக் காட்டுவார். வாசிக்கட்டும்.

கண்ட உடனே நான் வெளிக்கிடவில்லை, ராத்தா. பத்து மணிக்கே எனக்குத் தெரியும். போன் பண்ணினால் என் பிழையைச் சொல்ல வேண்டிவரும் என்று, பதினொரு மணிவரைக்கும் ஸ்பேனர்களை அளவுப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன்.